சுண்டுவிரலுக்கும் இடம் வேண்டும்

ஷூ வாங்க வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக் கடைகளுக்குப் போவதென்றால் நான் ட்யூட்டி முடிந்து சாயங்காலம்தான் போவேன். நாள் முழுக்க நின்று வீங்கின காலுக்குச் சரியாக இருந்தால்தான் அது எனக்கான ஷூ. நர்ஸ் வேலை பார்ப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

கடையில் முதல் கேள்வியே "என்ன நம்பர்க்கா?" என்பதுதான். நம்பர் சொல்வது நீளத்தை. இங்கே பெரும்பாலும் இங்கிலாந்து அளவுதான். ஒரு நம்பர் ஏறினால் நீளம் எட்டரை மில்லிமீட்டர் போலக் கூடும், அகலம் அந்த அளவுக்கு ஏறாது. சுண்டுவிரல் பக்கம் இறுக்குகிறதே என்று ஒரு நம்பர் கூட்டி வாங்கினால், குதிகால் கழன்று கழன்று தோல் உரியும். அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுக்க ஒரு லட்சம் பேருக்கு மேல் பாதத்தை அளந்தது. நம்மவர்கள் பாதம் மேல்நாட்டுக்காரர்களுடையதைவிட அகலம் என்று தெரிந்தது. 'பா' என்ற பெயரில் இந்திய அளவு முறையையும் முன்வைத்திருக்கிறார்கள். அது நம் தெருக்கடை வரைக்கும் வந்து சேர வேண்டும் என்பது என் பெரிய ஆசை.

அதுவரை காகிதம்தான் கைகொடுக்கும். பழைய காலண்டர் தாளைத் தரையில் போட்டு, அதன்மேல் நின்றபடி இருக்க, வேறு யாராவது பென்சிலை நிமிர்த்திப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரையட்டும். உட்கார்ந்தால் பாதம் விரியாது. இரண்டு காலுக்கும் வரைந்து, பெரிய காலின் தாளை வெட்டி எடுத்துப் போங்கள். ஷூவின் உள் அட்டையை உருவி, அதன்மேல் தாளை வைத்துப் பாருங்கள். சுண்டுவிரல் பக்கம் நன்றாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது வேண்டாம். "போடப் போட லூஸாயிடும்க்கா" என்பார் கடைத் தம்பி. தோல் கொஞ்சம் இளகும், ரெக்சின் இளகாது.

அப்புறம் போட்டுக்கொண்டு நின்று பார்க்கும்போது, இருப்பதிலேயே நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். சிலருக்கு இரண்டாவது விரல்தான் நீளம்.

இதில் நான் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம், எங்கள் ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸிங் ரூம். சர்க்கரையால் கால் மரத்துப்போனவர்களுக்கு ஷூ கடிப்பது தெரிவதில்லை. காசிமேட்டுப் பெரியவர் ஒருவர் எங்களிடம் வந்து சாக்ஸைக் கழற்றினபோதுதான் சுண்டுவிரல் ஓரத்தில் புண் இருப்பதையே பார்த்தார். "வலியே இல்லையேம்மா" என்றார். மகள் ஆசையாக வாங்கிக் கொடுத்த புது ஷூ. உணர்ச்சி குறைந்த காலுக்கு இறுக்கமான ஷூதான் பொருந்தினாற்போல் தோன்றும். அதனால் அவர்கள் "சரியா இருக்கு" என்று சொல்வதை நம்பாமல் தாளை வைத்தே பாருங்கள். பின்பட்டை வைத்த எம்.சி.ஆர். செருப்பு (மெத்தென்ற ரப்பர் வைத்தது) போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

புது ஷூவை முதலில் வீட்டுக்குள்ளேயே கொஞ்ச நேரம் போட்டு நடக்கவிட்டு, கழற்றினதும் பாதத்தை வெளிச்சத்தில் பாருங்கள். எங்கேயாவது சிவந்திருந்தால் கடைக்கே திருப்பிக் கொண்டு போங்கள். மாற்றித் தருவார்களா என்று வாங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.