கல்லுக்குக் கீழே

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வீடு வாங்கிய முதல் கோடையிலேயே பின்வளவில் ஒரு முற்றம் போட்டேன். அம்மாவுக்காகத்தான். ஊரில் விடிந்ததும் முற்றத்தைக் கூட்டித் தண்ணீர் தெளித்து, வேம்பின் கீழே கதிரை போட்டு அமர்ந்திருந்தவருக்கு, இங்கே பின்கதவைத் திறந்தால் ஈரப் புல்தான் இருந்தது. 2 அடிச் சதுரமான சீமெந்துக் கற்களை வாங்கி வந்தேன். புல்லைச் செதுக்கி எடுத்து, 2 அங்குலம் மணல் பரப்பி, நூல் பிடித்து அடுக்கினேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் வளவுக்கு அது போதும். அங்கே செம்மண், அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல். எவ்வளவு மழை கொட்டினாலும் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். வைத்த கல் வைத்தபடியே இருக்கும்.

ஏப்ரலில் பனி கரைந்தபோது பார்த்தேன். நேராக அடுக்கிய கற்கள் ஒன்று ஏறி, ஒன்று இறங்கி, நடுவில் ஒரு கல்லின் விளிம்பு என் பெருவிரல் நீளத்துக்கு மேலெழுந்து நின்றது. அதற்கு நான் ஒரு வழி செய்வதற்குள் அம்மா அதில் கால் தடக்கி விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை, மணிக்கட்டு மட்டும் வீங்கியது. "கல் என்ன செய்யும் தம்பி, நான்தான் பார்த்து நடக்கவில்லை" என்றார். அந்தச் சொல் என்னை இரவெல்லாம் நித்திரை கொள்ள விடவில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவர் போர்த்துக்கல்லில் இருந்து வந்தவர். 30 ஆண்டுகளுக்கு மேல் இந்த நகரத்தில் கல் வேலை செய்தவர். வேலியைச் சுற்றிக்கொண்டு வந்து, எழும்பி நின்ற கல்லைப் புரட்டிப்போட்டு, அடியிலிருந்த மண்ணை ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். புட்டு மாவைப் போல அது உதிரவில்லை. ரொட்டி மாவைப் போலத் திரண்டு, சுண்டுவிரல் தடிப்பில் கயிறாக நீண்டது. களிமண்! தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அவர் சொன்னது அதற்கும் அப்பால். களிமண்ணின் நுண்ணிய துளைகள் விளக்குத் திரியைப் போல ஆழத்து ஈரத்தை மேலே இழுக்கும். அது உறைந்து தட்டுத் தட்டாகப் பனிக்கட்டி வளர்ந்து கல்லைத் தூக்கிவிடும். ரொறன்ரோவில் உறைபனி 4 அடி ஆழம் வரை இறங்கும் என்று கணக்கிட்டுத்தான் வீடுகளின் அத்திவாரத்தை வைக்கிறார்கள். முற்றத்துக்காக 4 அடி தோண்ட முடியாது. ஆனால் கல்லுக்கும் களிமண்ணுக்கும் இடையே தண்ணீர் தங்காத ஓர் அடுக்கை வைக்கலாம்.

அடுத்த ஆண்டு அதைத்தான் செய்தேன். மண்வெட்டியை எடுப்பதற்கு முன் ஒன்ராறியோ வன் கோல் சேவைக்குச் சொல்லிவிட வேண்டும். எரிவாயுக் குழாயும் மின்கம்பியும் எங்கே ஓடுகின்றன என்று வந்து நிறத்தால் அடையாளமிட்டுப் போவார்கள். வீட்டுக்காரருக்கு அது இலவசம், சட்டப்படி கட்டாயமும்கூட. பிறகு 9 அங்குலம் தோண்டினேன். களிமண்ணின் மேல், தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் வடிதுணி விரித்து, 6 அங்குலம் உடைகல்லை இரண்டு தடவையாகக் கொட்டி, ஒவ்வொரு தடவையும் வாடகை இயந்திரத்தால் இறுக்கினேன். 12 அடிக்கு 14 அடி முற்றம்தான்; அதற்கே 5 தொன் உடைகல் இறங்கியது. அடிக்குக் கால் அங்குலம் வீதம் வீட்டிலிருந்து விலகிச் சரிவு கொடுத்தேன். வீட்டுப் பக்கத்தில் இருந்து மறுபக்கத்துக்கு, 12 அடியில் 3 அங்குலச் சரிவு. கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் மேலே என்ன கல் என்ற கேள்விக்கு வந்தேன். நம்மவர்கள் பலர் முன்வாசலிலும் பின்வளவிலும் பளபளப்பான தரை ஓடு பதிப்பதைப் பார்த்திருக்கிறேன். பார்க்க அழகுதான். ஆனால் வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அதைப் போடாதீர்கள் என்று கையைப் பிடித்துச் சொல்வேன். மெல்லிய பனி படிந்தால் அது கண்ணாடி. சீமெந்தை ஒரே தளமாக ஊற்றுவது எளிது, ஆனால் வெடித்தால் ஒட்டுத்தான் போட வேண்டும், உப்புத் தூவத் தூவ மேற்பரப்பு செதில் செதிலாக உரியும். ஒன்றோடொன்று பொருத்தி அடுக்கும் சிறு சீமெந்துக் கற்களான இன்டர்லாக் கல்லில் ஒன்று இறங்கினால் அந்த ஒன்றை மட்டும் கிளப்பிச் சரிசெய்யலாம். வீட்டோரமாகக் குப்பைத் தொட்டி உருட்டும் நடைபாதைக்கு 60 மில்லிமீற்றர் தடிப்பில் அதையே போட்டேன். கார் ஏறும் இடமென்றால் 80 வேண்டும், அடியிலும் உடைகல் கூடுதலாக வேண்டும்.

அம்மா அமரும் இடத்துக்கு இயற்கைக் கல்லே வேண்டும் என்று எனக்கு ஆசை. கல் விற்கும் வளாகத்துக்கு அவரையும் கூட்டிப்போனேன். இளஞ்சிவப்பும் பழுப்புமான கிரெடிட் பள்ளத்தாக்கு மணற்கல் என் கண்ணைப் பறித்தது. ரொறன்ரோவின் குயீன்ஸ் பார்க்கில் 1893இல் திறந்த ஒன்ராறியோச் சட்டமன்றக் கட்டடம் அந்தக் கல்லால் ஆனது. அம்மா அதைக் கடந்து போய், சாம்பல் நிறப் பலகைக் கற்களின் முன்னால் நின்றுவிட்டார். புரூஸ் தீபகற்பத்து வயார்ட்டன் பக்கத்துச் சுண்ணாம்புக்கல். போத்தல் தண்ணீரை அதன் மேல் ஊற்றி, செருப்பை நனைத்துத் தேய்த்துப் பார்த்தேன், வழுக்கவில்லை. அம்மா குனிந்து விளிம்பைத் தடவினார். அங்கே நகத்தளவில் ஒரு சிப்பியின் வரி வரியான தடம். "இது எங்கள் கிணற்றுக் கட்டுக் கல்லைப் போல இருக்கிறது" என்றார். பிழையில்லை. அதுவும் கடலடியில் படிந்ததுதான். இந்தக் கல்லுக்கு வயது 40 கோடி ஆண்டுகளுக்கு மேல், நம்மூர்க் கல் மிகவும் இளையது.

அன்றே வாங்கினோம். உடைகல்லின் மேல் 1 அங்குலப் பொடிக்கல் படுக்கையில் ஒவ்வொன்றாக வைத்து, இறப்பர்ச் சுத்தியலால் தட்டி, இடைவெளிகளில் பொடிக்கல் நிரப்பினேன். குளிர்காலத்தில் அதன் மேல் உப்புப் போடுவதில்லை, மணல்தான் தூவுகிறேன். இரண்டு குளிர்காலம் போய்விட்டது. இந்த ஏப்ரலிலும் மட்டப்பலகை வைத்துப் பார்த்தேன். வேலியோரத்தில் ஒரு கல் மட்டும் அரை அங்குலம் தாழ்ந்திருக்கிறது. கூரைத் தண்ணீர்க் குழாய் அதன் பக்கம் கொட்டுகிறது. குழாயை நீட்டி, கல்லைக் கிளப்பி, பொடிக்கல் இட்டு வைக்க ஒரு காலை நேரம் போதும். மிஞ்சிய 7 கற்களைக் கொட்டிலின் பின்னால் அடுக்கியிருக்கிறேன். சிப்பித் தடம் உள்ள கல்லை நடுவில் பதிக்கத்தான் நினைத்தேன். அம்மா கேட்டு வாங்கி, கறிவேப்பிலைச் சாடிக்கு அருகே, தன் கதிரை இருக்கும் மூலையில் வைக்கச் சொன்னார்.