முட்டிடிச்சான் பாறையிலிருந்து காற்றாடி மலைக்கு

அம்மாவுக்கு 82 வயது. நினைவு தப்பத் தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. "மக்ளே, அப்பா வந்தாச்சா?" என்று காலையில் தொடங்கினால் ராத்திரி கண் மூடும்வரை அதே கேள்விதான். அப்பா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. முதலில் உண்மையைச் சொன்னேன், ஒவ்வொரு தடவையும் அன்றைக்குத்தான் கேள்விப்படுகிறவளாக அழுதாள். அப்புறம் "வந்துகிட்டிருக்காங்க அம்மா" என்று சொல்லப் பழகினேன். சொல்லிச் சொல்லி ஒரு நாள் கையில் இருந்த கஞ்சிக் கிண்ணத்தைத் தரையில் வைத்த வேகத்தில் கஞ்சி சிதறி, அம்மா பயந்துபோய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். என் அம்மா என்னைப் பார்த்துப் பயந்ததை என்னால் தாங்க முடியவில்லை. அந்த வாரமே தம்பியை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, கிறிஸ்தவ விசுவாசத்துக்காக உயிர்விட்ட எங்கள் பக்கத்துப் புனிதர் தேவசகாயம் நடந்த இடங்களுக்கு ஒரு நாள் போய்வரலாம் என்று கிளம்பினேன். நாகர்கோவில்காரியாக இருந்தும் சின்ன வயதில் பங்குக் கோயிலிலிருந்து கூட்டமாகப் போனதோடு சரி, தனியாகப் போனதில்லை.

வடசேரியில் தக்கலை பஸ் ஏறி புலியூர்க்குறிச்சியில் இறங்கினேன். முட்டிடிச்சான் பாறை அங்கேதான். காவலர்கள் இழுத்துக்கொண்டு போகும் வழியில் தாகத்தில் தவித்த தேவசகாயம், ஜெபித்துவிட்டுக் கைமுட்டியால் பாறையில் இடித்தார், தண்ணீர் வந்தது என்று எங்கள் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். பாறையில் ஒரு சின்னக் குழி, அதில் தண்ணீர். எனக்கு முன்னால் ஒரு வயதான அம்மா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வீட்டில் யாருக்கோ கொடுக்கக் குப்பியில் மெதுவாக, சொட்டுச் சொட்டாக மொண்டுகொண்டிருந்தார். நான் பின்னால் நின்றேன். வீட்டில் இந்த நேரத்துக்கு எத்தனை தடவை கடிகாரத்தைப் பார்த்திருப்பேனோ, இங்கே பார்க்கத் தோன்றவில்லை.

அதே ஊரில்தான் உதயகிரிக் கோட்டை. 1741இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய், பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்தவர், அவருடைய கல்லறை கோட்டைக்குள் பழைய சிற்றாலயத்தில் இருக்கிறது. கூரை இல்லாத சுவர்களுக்கு நடுவில் அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன், ஏனென்றால் இந்தக் கதை தொடங்குவதே அவரிடம்தான். நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டன் பிள்ளை அரண்மனை அலுவலர். மாடுகள் சாகின்றன, சொத்து நட்டமாகிறது, மனசு ஒடிந்துபோய்த் திரிகிறார். டிலனாய் என்னவென்று விசாரித்து, அவருக்கு பைபிளில் வரும் யோபுவின் கதையைச் சொல்கிறார். அந்தக் கதையில் பிடிபட்டவர்தான் 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார்.

யோபு என்றால் பொறுமை என்றுதான் மறைக்கல்வியில் படித்தேன். எல்லாம் போனபிறகும் "ஆண்டவர் கொடுத்தார், ஆண்டவர் எடுத்துக்கொண்டார்" என்று சொன்னவர். நானும் அப்படி வாயை மூடிக்கொண்டு இருக்கத்தான் இத்தனை நாளாக முயன்றேன், முடியாமல் போனபோதெல்லாம் எனக்கு விசுவாசமே இல்லையோ என்று நொந்துகொண்டேன். அன்றைக்குக் கோட்டைக்குள் ஒரு மரத்தடியில் பைபிளைத் திறந்து முதலிலிருந்து வாசித்தேன். அந்த வாக்கியம் முதல் அதிகாரம். மூன்றாம் அதிகாரத்திலேயே தான் பிறந்த நாளைச் சபிக்கிறார்! அதற்கப்புறம் அதிகாரம் அதிகாரமாகக் கடவுளோடு வழக்காடுகிறார், ஏன் இப்படிச் செய்கிறீர் என்று கேட்கிறார், அழுகிறார், கத்துகிறார். 42 அதிகாரத்தில் அவர் அமைதியாக இருக்கும் இடம் கொஞ்சம்தான். ஆனால் மனைவி சொன்னபடி கடவுளைப் பழித்துவிட்டு விலகிப் போகவில்லை, கத்தினாலும் அவரிடமே கத்தினார். இந்த மனிதரைத்தான் புதிய ஏற்பாட்டில் யாக்கோபு தன் கடிதத்தில் பொறுமைக்கு எடுத்துக்காட்டாகக் காட்டுகிறார். எனக்கு நெஞ்சில் ஏதோ ஒரு கட்டு அவிழ்ந்தது. கோபம் வராதவர்களுக்கு மட்டும்தான் பொறுமை என்று நானாகவே முடிவுகட்டி வைத்திருந்திருக்கிறேன்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. யோபுவின் நண்பர்கள் மூன்று பேரும் வந்த புதிதில் ஏழு நாள், ஏழு இரவு, ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்தபிறகுதான் அவர்கள் அவருக்குப் பாரமானார்கள்.

மறுபடி நாகர்கோவில் வந்து, கோட்டாறு சவேரியார் கோயிலில் தேவசகாயத்தின் கல்லறைக்கு முன்னால் கொஞ்ச நேரம் ஜெபித்துவிட்டு, காற்றாடி மலை இருக்கும் ஆரல்வாய்மொழி போனேன். பெருவிளைக்கு அன்று போக முடியவில்லை. அங்கேதான் அவரை வேப்பமரத்தில் மாதக்கணக்கில் கட்டிவைத்திருந்தார்கள். 1749இல் சிறைப்பட்டவர் அவர், எருமைமேல் பின்னோக்கி உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள், அடித்த காயத்தில் மிளகாய்ப் பொடி தடவினார்கள், 1752 ஜனவரி 14 அன்று காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். நடுவில் கிடப்பது மூன்று வருடம். மறைசாட்சி என்றால் அந்தக் கடைசி நாள்தான் நம் நினைவுக்கு வரும், எனக்கோ அந்த மூன்று வருடத்தின் சாதாரண நாட்கள்தான் மனசில் நின்றன. மழை நாள், வெயில் நாள், யாருமே பார்க்க வராத செவ்வாய்க்கிழமை. 2022 மே 15 அன்று ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தபோது நாங்கள் எல்லோரும் டிவி முன்னால் அழுதோம். அம்மாவும் பக்கத்தில் இருந்தாள், அப்போது அவளுக்கு எல்லாம் புரிந்தது.

மலையில் காற்று நிற்கவே இல்லை. கணவாய்க் காற்று, சேலைத் தலைப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டியிருந்தது. தூரத்தில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. மணியடிச்சான் பாறையில் சின்னக் கல்லால் தட்டினால் மணிச் சத்தம் கேட்கும், ஒரு பையன் தட்டிக்காட்டினான். நான் அங்கே முழந்தாளிட்டு, வேறு எதுவும் கேட்காமல், "ஆண்டவரே, எனக்குக் கோபம் வருது, நான் களைச்சுப் போயிட்டேன்" என்று சத்தமாகவே சொன்னேன். காற்றில் யாருக்கும் கேட்டிருக்காது.

திரும்பும் வழியில் பஸ் ஜன்னலில் வயல்களைப் பார்த்தபோது யாக்கோபுவின் இன்னொரு வசனம் வந்தது. முன்மாரிக்கும் பின்மாரிக்கும் பொறுமையோடு காத்திருக்கும் விவசாயி. எங்கள் நாஞ்சில் நாட்டில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு, கன்னிப்பூ நெல் அறுத்தபிறகு கும்பப்பூ நெல். மழை பிந்தினால் அப்பா வரப்பில் நின்று வானத்தைப் பார்த்துச் சத்தம் போடுவார். ஆனாலும் விடிந்தால் மண்வெட்டியோடு வயலுக்குப் போய்விடுவார்.

வீட்டுக்கு வந்தபோது ஏழு மணி. தம்பி முகத்தைப் பார்த்ததும் எத்தனை தடவை கேட்டிருப்பாள் என்று தெரிந்தது. ஜெபமாலை சொல்ல உட்கார்ந்தோம். அப்பாவின் மரணத்தை மறந்த அம்மா, அருள் நிறைந்த மரியே ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். முடிந்ததும், "மக்ளே, அப்பா வந்தாச்சா?"

இரண்டு வாரத்துக்கு நன்றாகவே போனது. போன வியாழக்கிழமை மறுபடி குரல் உயர்ந்துவிட்டது. எழுந்து அடுக்களைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, மலையில் சொன்னதையே திரும்பச் சொன்னேன். அப்புறம் வந்து அவள் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தேன். அவள் கேட்டாள். நான் பதில் ஒன்றும் சொல்லாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "வயல்ல தண்ணி பாய்ச்சிட்டு வருவாங்க" என்று அவளே சொல்லிக்கொண்டு கண்ணை மூடினாள்.