டைவிங்குக்கு வீட்லயே தைக்கிற ஈய வெயிட்

ஸ்கூபா (காத்து சிலிண்டரோட தண்ணிக்குள்ள மூழ்கற டைவிங்) பண்ணும்போது மெதக்காம கீழ போறதுக்காக பெல்ட்ல கோக்கற கட்டி ஈயம் இடுப்பெலும்புல அழுத்திகிட்டே இருக்கும், அதனால நான் சாஃப்ட் வெயிட்டுக்கு மாறிட்டேன், அதுவும் வீட்லயே தைச்சது. சின்ன ஈய குண்டுகள ஒரு கிலோ நிறுத்து, தடியான நைலான் துணில பை தைச்சு போட்டு மூடறதுதான் வேலையே. காட்டன் வேணாம், உப்புத்தண்ணில சீக்கிரம் இத்துப்போயிடும், நூலும் நைலானோ பாலியஸ்டரோ இருக்கணும், ஓரத்துல ரெட்டை தையல். பைய முழுசா அடைச்சா கல்லு மாதிரி ஆயிடும், கொஞ்சம் தளர்வா விட்டாதான் உடம்போட வளையும்.

மணல் போட்டா போதாதான்னு கேப்பாங்க. ஒரு கிலோ ஈயம் கடல் தண்ணிக்குள்ள 900 கிராம் அளவுக்கு கீழ இழுக்கும், மணல்னா 600 கிராம் சொச்சம்தான், பையும் ரொம்ப பெருசாயிடும். இரும்பு குண்டு துருப்பிடிக்கும்.

ஒண்ணு மட்டும் தயவுசெஞ்சு கேளுங்க, ஈயம் விஷம், குண்டுங்க உரசி உரசி பொடி விடும், அதனால கிளவுஸ் போட்டுகிட்டு சமையலறைக்கு வெளிய வச்சு செய்யுங்க, குழந்தைங்க பக்கத்துல வரவே கூடாது, முடிஞ்சதும் சோப்பு போட்டு கைய கழுவுங்க. அப்புறம் பெல்ட் பக்கிள் ஒரே கைல, ஒரே இழுப்புல கழலுதான்னு தண்ணில எறங்கறதுக்கு முன்னாடியே பாத்துடுங்க.