ஓரத்தில் எழுதினது: ஒரு பிசானத்து நாட்குறிப்பு

அக்டோபர் 7, 2024

பீரோவுக்கு மேலே சணல் கயிறு போட்டு நாலு கட்டு. போன பிசான நெல் பருவத்துப் படிவங்கள். வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை என்று கன்னடியன் கால்வாய் போகிற ஊர்களில் ஆறு களப்பணியாளர்கள் வயல் வயலாகப் போய் நிரப்பியவை. ஒரு விவசாயிக்கு நாலு பக்கம், 46 கேள்விகள். இதைத் தட்டச்சு செய்து முடிக்கப் பங்குனி ஆகிவிட்டதாம். அறுப்பு முடிந்த பிறகுதான் நடவுக் கணக்கே கணினிக்குள் வந்திருக்கிறது.

எல்லாவற்றையும் போனுக்கு மாற்றித் தர வேண்டும். ரெண்டு நாள் வேலை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 10

ரெண்டு நாளில் முடித்துவிட்டேன். கோபோடூல்பாக்ஸ் என்கிற, களத்தில் தகவல் சேர்க்கும் மென்பொருளில் செய்தது. எக்ஸெல்லில் மூன்று தாள் போதும்: கேள்விகள் ஒன்றில், விடைப் பட்டியல் ஒன்றில், அமைப்பு ஒன்றில். ஏற்றினால் படிவம் தயார். சிக்னல் இல்லாத இடத்தில் நிரப்பி வைத்துக்கொண்டு அப்புறம் அனுப்பலாம். பொதிகை அடிவாரத்து ஊர்களுக்கு இது இல்லாமல் முடியாது.

46 கேள்விக்கும் சிவப்பு நட்சத்திரம் போட்டிருக்கிறேன். எதையும் விட்டுவிட்டு நகர முடியாது.

அக்டோபர் 15

வீரவநல்லூர்ப் பக்கம் அண்ணாச்சி ஒருவர் பின்னாலேயே போனேன். இருபது வருஷமாக வயல் மிதித்தவர். வரப்பில் நிற்கிறார். செருப்பு ஒரு கையில், குடை கக்கத்தில், போன் இன்னொரு கையில். பெருவிரலில் சேறு. திரை தொடுதலை எடுக்கவில்லை. விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி தொடுகிறார். வெயிலுக்குத் திரையில் அவர் மூஞ்சிதான் தெரிகிறது. பட்டியலில் 'நடவு' என்று தொட நினைத்து 'நாற்றங்கால்' விழுந்தது. அவர் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன்.

"காகிதத்துல எப்படி அண்ணாச்சி எழுதுனீங்க?"

"வயல்ல எவன் எழுதுனான் தம்பி? கேட்டுக்கிட்டு வந்து டீக்கடைல உக்காந்துல்லா எழுதுவோம்."

அந்த நாலு பக்கமும் டீக்கடை பெஞ்சில் எழுதின நல்ல பிரதி. சட்டைப் பையில் இருக்கிற சின்ன நோட்டில்தான் அசல் இருந்திருக்கிறது. நான் அசலைப் பார்க்காமல் பிரதியைப் போனுக்குள் ஏற்றியிருக்கிறேன்.

இன்னொன்று. என் படிவத்தில் முதலில் பெயர், போன் நம்பர், ஆதார். அவர் போனதும் கேட்டது, "தண்ணி வந்துட்டா?" அதிலிருந்து நாற்று, அதிலிருந்து விதை (அம்பை 16 என்கிற நெல் ரகம்தான் முக்கால்வாசிப் பேர்), கடைசியில் கிளம்பும்போதுதான் நம்பர். "போனதும் ஆதாரைக் கேட்டா, கடன் வசூல் பண்ண வந்த ஆளுன்னு நெனச்சு உள்ள போயிருவாவ." வரிசையைத் தலைகீழாக்க வேண்டும்.

அக்டோபர் 18

முதல் வாரத்தில் வந்தவை 23. அதில் 11 பேருடைய போன் நம்பர் 9999999999. பத்து இலக்கம் இல்லாமல் விடமாட்டேன் என்று நானே வைத்த காவல். கொடுக்காதவருக்கு அவர்கள் வேறென்ன செய்வார்கள்? கட்டாயப்படுத்தினேன், பொய் வந்தது. காகிதத்தில் அந்த இடம் வெறுமனே கிடந்திருக்கும், பார்த்ததும் தெரிந்திருக்கும்.

நட்சத்திரத்தை ஆறு கேள்விக்கு மட்டும் வைத்துவிட்டு மற்றதில் எடுத்துவிட்டேன். 'தெரியவில்லை', 'சொல்லவில்லை' ரெண்டையும் தனித்தனி விடையாகச் சேர்த்தேன். ரெண்டும் ஒன்றில்லை என்று பத்தமடைக்குப் போகிற அக்கா சொன்னபிறகுதான் உறைத்தது. தெரியாதவரிடம் திரும்பப் போகலாம். சொல்லாதவரிடம் வேறு ஆளை அனுப்ப வேண்டும்.

அக்டோபர் 24

அலுவலகத்திலிருந்து போன். "சர்வே நம்பர் கேட்டா தேதி போட்ருக்காங்களே?"

12/3 என்பது 12-மார்ச் ஆகியிருந்தது. 5/2 பிப்ரவரியில் பிறந்திருந்தது. வெறும் எழுத்துக் கோப்பை (CSV) ரெட்டைச் சொடுக்கில் எக்ஸெல்லில் திறந்தால், சாய்கோடு போட்ட எண்ணை அது தேதியாக்கிவிடும். 12/2ஏ தப்பித்துக்கொண்டது, 'ஏ' காப்பாற்றியது. மூலத் தரவு கோபோவில் பத்திரமாக இருந்ததால் பிழைத்தேன். அந்தப் பத்தியை எழுத்தாகத் திறப்பது எப்படி என்று கணக்கரிடம் அரை மணி நேரம் காட்டினேன். இதற்கு முன்னால் அதே கேள்வியில் எண் விசைப்பலகை மட்டும் வைத்து, சாய்கோடே போட முடியாமல் செய்திருந்தேன் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 28

பரப்பு ஹெக்டேரில் வேண்டுமாம். 247 சென்ட் ஒரு ஹெக்டேர், சரி. ஆனால் வயலில் யாரும் சென்ட் சொல்வதில்லை. "ஏழு மரக்கா விதைப்பாடு" என்கிறார்கள், அவ்வளவு விதை பிடிக்கிற நிலம். 21 மரக்கால் ஒரு கோட்டை. மரக்காலுக்கு எத்தனை சென்ட் என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது. இதுவரை களப்பணியாளரே மனக்கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார், ஆளுக்கொரு கணக்கு.

ரெண்டு கட்டம் வைத்தேன். சொன்ன எண் ஒன்றில், சொன்ன அளவை ஒன்றில். பெருக்கலை அலுவலகம் பார்த்துக்கொள்ளட்டும்.

நவம்பர் 4

தீபாவளி முடிந்து அலுவலகத்தில் ஆளில்லை. பீரோ மேலிருந்த கட்டை இறக்கிப் பிரித்தேன். கேள்விகளைப் பார்க்கவில்லை. ஓரங்களை மட்டும் படித்தேன். பென்சிலில், பேனாவில், குறுக்கே, தலைகீழாக:

"பட்டா தாத்தா பேர்ல. பேரன் வாரத்துக்கு." (வாரம் என்றால் விளைச்சலில் பங்கு.)

"மடை ஒடஞ்சிருக்கு. கேட்டுச் சொல்லணும்."

"வீட்ல துட்டி. பொறவு போணும்." (துட்டி என்றால் சாவு.)

"நாய்."

ஒன்றுகூடத் தட்டச்சாகவில்லை, அதற்குப் பத்தி கிடையாது. உழுகிற ஆள் பேரனா தாத்தாவா என்பது தெரியாமல் இழப்பீட்டுக்கு யார் பெயரை எழுதுவது? அந்தத் தகவல் நாலு பக்கத்திலும் கட்டமில்லாமல் ஓரத்தில் இருக்கிறது. 'பட்டாதாரர்', 'பயிரிடுபவர்' என்று பிரித்தேன். குத்தகை அல்லது வாரம் என்றால் மட்டும் அடுத்த மூன்று கேள்வி திறக்கும்.

மற்றதற்கெல்லாம் கேள்வி செய்ய முடியாது. நாய்க்கு என்ன கேள்வி வைப்பது? கடைசியில் 'ஓரம்' என்ற பெயரிலேயே ஒன்று சேர்த்தேன். எழுதலாம், இல்லையென்றால் பேசிப் பதியலாம்.

நவம்பர் 21

எழுதுகிறவர் யாரும் இல்லை, எல்லாரும் பேசுகிறார்கள். கணக்கருக்குக் கோபம். "இத யாரு கேக்க?" நியாயம்தான். தினமும் சாயங்காலம் நான் கேட்கிறேன் என்று ஒத்துக்கொண்டேன். சராசரியாக இருபது நொடி. அக்காவின் பதிவுகளில் பாதி, பஸ் வரவில்லை என்பது.

டிசம்பர் 14

ரெண்டு நாள் அடித்த மழையில் தாமிரபரணி கரை தொட்டுப் போகிறது. குறுக்குத்துறை முருகன் கோயில் தண்ணீருக்குள். ராத்திரியே வெள்ளச் சேதத்துக்கு ஒரு பக்கம் சேர்த்து ஏற்றினேன். பிரயோஜனம் இல்லை. புதுப் படிவத்தை இறக்கப் போனில் நெட் வேண்டும், பாதி ஊரில் சிக்னல் இல்லை. அவர்கள் கையில் இருந்தது பழைய படிவம்.

சாயங்காலம் ஒன்பது வந்தது. அண்ணாச்சி அனுப்பியதில் பரப்பு இல்லை, விதை இல்லை, நடவுத் தேதி இல்லை. ஒரு போட்டோ, முழுக்கத் தண்ணீர், நடுவில் ஒரு மின்கம்பம். ஓரத்தில் நாற்பது நொடி.

"நட்டு பத்து நாளுதான் ஆகு. வரப்பே தெரியல. எத்தன மரக்கான்னு இப்ப போயி கேக்க முடியாது தம்பி, ஆளு கரைல அப்படியே நிக்காரு. தண்ணி வடியட்டும், திங்கக்கெழம போயி கேட்டுப் போடுதேன்."

அதற்கப்புறம் பதிவை நிறுத்த மறந்திருக்கிறார். நாலைந்து நொடிக்குத் தண்ணீர்ச் சத்தம். யாரோ தூரத்தில் கூப்பிடுகிறார்கள்.