பூட்டன் பெயர்

ஜூலை 17, 2025, வியாழன்

ஆடி பிறந்ததும் அம்மா ஆரம்பித்துவிட்டாள். போன வருஷம் அப்பாவுக்கு அண்ணன் தர்ப்பணம் கொடுத்தான். இந்த வருஷம் அவனுக்கு மஸ்கட்டில் லீவு இல்லை. "அமாவாசைக்குப் பாபநாசம் போவணும். நீதான் கொடுக்கணும்யா." சரி என்றேன். "நம்பிக்கை இருந்தா கொடு, இல்லாட்டி வேண்டாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இருக்கிறதா இல்லையா என்று எனக்கே தெரிந்தால்தானே அவளிடம் சொல்ல.

ஜூலை 18, வெள்ளி

டவுனில் கருப்புச்சட்டை நண்பரோடு டீ. விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார். "ஏதாவது ஒரு பக்கம் நில்லும் வே. மதில்மேல் பூனையா எத்தனை நாளைக்கு?" அம்மாவின் கேள்வியேதான், சட்டை மட்டும் வேறு. பூனைக்காவது மதிலின் ரெண்டு பக்கமும் தெரியும்.

ஜூலை 20, ஞாயிறு

ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒரு கல்யாணம். திரும்பும்போது ஆதிச்சநல்லூரில் இறங்கினேன். அங்குள்ள மியூசியத்தின் கண்ணாடித் தரையில் நின்று குனிந்தால் கீழே குழியில் முதுமக்கள் தாழிகள். 1876-இல் ஜெர்மானியர் ஜாகோர் தோண்டி பெர்லினுக்குக் கொண்டுபோன பரம்பு இது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாண்டர் ரீயும் தோண்டினார். தாழிகளில் எலும்போடு சிறு பானைகளும் இரும்பு ஆயுதங்களும் இருந்தன, நெல் உமியும் இருந்தது.

அந்த நெல்லிலேயே மனசு நின்றுவிட்டது. போகிற இடத்தில் பசிக்கும் என்று வைத்தார்களா, வெறுங்கையோடு அனுப்ப மனசு வராமல் வைத்தார்களா? வைத்தவர்களுக்கே நிச்சயமாகத் தெரிந்திருக்குமா? அப்பாவுக்கு வாய்க்கரிசி போட்டபோது நான் எதையும் யோசிக்கவில்லை. கை தானாகப் போனது.

ஜூலை 22, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. 'அக்னாஸ்டிக்' (கடவுள் உண்டா இல்லையா தெரியாது என்பவர்) என்ற சொல்லை 1869-இல் உண்டாக்கிய ஆங்கிலேய விஞ்ஞானி ஹக்ஸ்லியைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். டார்வினுக்காக ஊரோடு மல்லுக்கு நின்றவர். 1860 செப்டம்பரில் நாலு வயது நிரம்பாத அவர் மகன் நோயல் செங்காய்ச்சலில் போய்விட்டான். பாதிரியாரான நண்பர் கிங்ஸ்லி ஆறுதலாக எழுதினார். சில நாட்களில் ஹக்ஸ்லியின் பதில்: ஆன்மா அழியாதது என்று நான் சொல்லவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நம்பக் காரணம் தென்படவில்லை, பொய் என்று காட்ட வழியும் இல்லை.

பிள்ளையைப் பறிகொடுத்த சூடு ஆறுமுன் எழுதியது. அப்பா போன அன்று "மேல நிம்மதியா இருப்பாரு" என்றவர்களிடம் எல்லாம் நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 24, வியாழன்

விடியுமுன் பஸ். காரையாறு சொரிமுத்தையனார் கோயில் கூட்டமும் சேர்ந்துகொள்ள, பாபநாசம் வரை நின்றபடிதான். படித்துறையில் ஆற்றோடு விட்ட பழைய துணிகள் காலைச் சுற்றின. (மறுமை பற்றி ஒன்றும் தெரியாத எனக்கும் இது தெரியும்: எந்தப் பித்ருவும் இதைக் கேட்டிருக்க மாட்டார்.)

ஐயர் அப்பா பெயர் கேட்டார், தாத்தா பெயர் கேட்டார், அப்புறம் பூட்டன் பெயர். நான் அம்மாவைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். "தெரியல சாமி." "பரவாயில்ல, எள்ளை எடுத்துக்கோங்க. கட்டைவிரல் பக்கமா தண்ணி விடுங்க." இந்த வாரத்தில் என் 'தெரியல'வைச் சண்டை போடாமல் வாங்கிக்கொண்ட முதல் ஆள்.

திரும்பும்போது உட்கார இடம் கிடைத்தது. கல்லிடைக்குறிச்சி தாண்டியதும் அம்மா குரலைத் தணித்துக் கேட்டாள்: "ஏய்யா, இதெல்லாம் அப்பாவுக்குப் போய்ச் சேருமா?"

ஐயரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆமாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது.

"தெரியலம்மா."

வீரவநல்லூர் வரை பேசவில்லை. அப்புறம், "அவுகளுக்கு எள்ளுருண்டைன்னா உசுரு" என்றாள்.

ஜூலை 25, வெள்ளி

சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். பூட்டன் பெயர் அவருக்கும் தெரியவில்லை. பரணில் பழைய வயல் பத்திரம் ஒன்று கிடக்கிறதாம், அதில் இருக்கலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை போகணும்.