ஜூனியர் கோல் கணக்கை நம்பலாமா?

இந்திய ஜூனியர் ஹாக்கி அணி ஆடினாலே "அடுத்த ஹர்மன்பிரீத் இவன்தான்" என்று ஆளுக்கொரு பெயரோடு சண்டை தொடங்கிவிடும். ஹர்மன்பிரீத் சிங், இந்திய சீனியர் அணிக்காகப் பெனால்டி கார்னரில் கோல் குவித்துப் பேர்பெற்றவர். அதனால் பெரும்பாலும் சான்று ஒன்றுதான்: பெனால்டி கார்னர் (தடுக்கும் அணி கோல் முன்னுள்ள வட்டத்துக்குள் தவறு செய்தால் எதிரணிக்குக் கிடைக்கும் வாய்ப்பு) கோல்கள். அதுதான் ஏமாற்றும் கணக்கு.

கார்னரில் ஒருவர் பந்தைத் தள்ளிவிட, இன்னொருவர் நிறுத்த, மூன்றாமவர் கோலுக்கு ஃபிளிக் செய்வார், அதாவது மட்டையால் இழுத்து வீசுவார். பந்தைத் தள்ளிவிடும் இடம் கோல்கம்பத்திலிருந்து குறைந்தது 10 மீட்டர். பந்து வட்டத்துக்கு வெளியே போய் வந்த பிறகுதான் கோலுக்கு அடிக்கலாம். தள்ளுவது மெதுவானாலோ, நிறுத்துபவர் மட்டையில் பந்து துள்ளினாலோ, ஃபிளிக் செய்பவரின் காலடி வரிசை குலைந்துவிடும். ஜூனியர் ஆட்டத்தில் முதலில் பாய்ந்து வரும் தடுப்பாளர் அரை நொடி தாமதித்தால் அந்தத் தவறு மறைந்துபோகும். சீனியர் ஆட்டத்தில் பந்து அவர் மட்டையிலேயே மோதும். ஆகவே கோலை எண்ணாதீர்கள். ஒரே காலடி ஓட்டத்தில் இரண்டு மூலைக்கும் அடிக்கிறானா, இடுப்பைத் திருப்பும்போதே திசையைக் காட்டிக்கொடுக்கிறானா என்று பாருங்கள். கார்னர் இல்லாத நேரத்தில் தற்காப்பில் நிற்கத் தெரியாதவனுக்கு அணியில் இடம் கிடைப்பது கஷ்டம்.

நடுக்கள வீரர்களை எடைபோடுவது இதைவிடக் கடினம். பந்து வருமுன் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறார்களா என்பதை டிவி கேமரா காட்டாது, மைதானத்துக்குத்தான் போகவேண்டும்.

2016 லக்னோ ஜூனியர் உலகக் கோப்பையை வென்ற அணியின் ஹர்மன்பிரீத், சிம்ரன்ஜீத், வருண் குமார் டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்றார்கள். கோப்பையை ஏந்திய கேப்டன் ஹர்ஜீத் சிங்குக்கோ ஒலிம்பிக் வாய்ப்பே அமையவில்லை.