ஸ்கைஹாக்கின் வயிற்றுப் பேனல் ஒருவழியாகக் கழன்றது

நம் அருங்காட்சியகக் கப்பலின் மேல்தளத்தில் நிற்கும் பழைய போர் விமானத்தின் வயிற்றுப் பேனல், அதாவது அடிப்பக்கத்து மூடித் தகடு, கழன்று கையில் வந்துவிட்டது. "எல்லா ஸ்க்ரூவுக்கும் ட்ரில் போட்டுத் தள்ளிவிடலாம்" என்று ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்த சக தன்னார்வலர்களுக்கு ஒரு சேதி: பின்மூலையில் இருந்த சிலவற்றுக்கு மட்டும்தான் ட்ரில் தேவைப்பட்டது. மற்றதெல்லாம் மரை கெடாமல் முழுசாக வந்தது. கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விமானம் ஏ-4 ஸ்கைஹாக். 1954-ல் முதலில் பறந்து, 1979 வரை 2,960 தயாரான ரகம். இறக்கை மடியாது, மடிக்க வேண்டாத அளவுக்குச் சின்ன விமானம். சின்னதாகப் பிறந்ததுதான் அதன் தலைவிதி. மேல்தளத்தில் எந்த இடுக்கிலும் செருகி நிறுத்திவிடலாம் என்பதால் கீழே ஹேங்கருக்குள், அதாவது கூரையுள்ள விமானக் கொட்டடியில், இடம் கிடைப்பதே இல்லை. நம்ம ஆள் வருஷக்கணக்காக வெயிலிலும் உப்புக் காற்றிலும் நிற்கிறார்.

அலுமினியத்தை உப்பு என்ன செய்யும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஸ்க்ரூ சமாசாரம் மட்டும் கொஞ்சம் தனி. அந்தக் காலத்து எஃகு ஸ்க்ரூக்களுக்குக் காட்மியம் பூச்சு உண்டு. பூச்சு இருக்கும்வரை எஃகும் அலுமினியமும் பெரிதாகச் சண்டை போடாது. பூச்சு போனதும் ஈரமும் உப்பும் சேர்ந்து வேலையை ஆரம்பிக்கும். அடி வாங்குவது அலுமினியம்தான். அரித்து வரும் வெள்ளைப் பொடி, அது கிளம்பிய உலோகத்தைவிட அதிக இடம் எடுத்துக்கொள்ளும். மரைக்குள் அடைத்து ஸ்க்ரூவை நாலா பக்கமும் நெரிக்கும். ராத்திரி முழுக்க எண்ணெயில் ஊறவைத்தாலும் அசையாது. சூடு காட்டலாமே என்பார்கள். விமானத்துக்குப் போடும் 7075 ரக அலுமினியத்துக்குப் பதம் ஏற்றி உறுதியாக்குவதே சுமார் 120 டிகிரி செல்சியஸில்தான். டார்ச்சை நீட்டினால் பேனல் வரும், பதம் போய்விடும். அதுவும் பழைய எரிபொருள் வாடை முழுசாக அடங்காத விமானத்துக்குப் பக்கத்தில் தீயைக் கொண்டுபோக எனக்குத் தைரியம் இல்லை.

காரியத்தை முடித்தது ரிவெட் கன்தான், தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணியை அடிக்கிற காற்றழுத்தச் சுத்தியல். அதன் வாயில் ஸ்க்ரூ பிட் பிடிக்கிற ஒரு துண்டு பொருத்தலாம், பக்கவாட்டில் ஒரு கைப்பிடி இருக்கும். கன் தடதடவென்று அதிரும்போதே கைப்பிடியை மெல்லத் திருப்ப வேண்டும். சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவரைப் பலரும் சிபாரிசு செய்கிறார்கள். கெட்டி இரும்புக்கு அது சரி. மெல்லிய தகட்டில் ஒரே அடியில் பள்ளம் விழும். இது குட்டிக் குட்டியாக நூறு தட்டு தட்டுகிறது. பொடி உதிர்ந்து மரைக்குள் வழி விடுகிறது, எண்ணெயும் அப்போதுதான் இறங்குகிறது.

இதில் சூட்சுமம் காற்றழுத்தத்தில் இருக்கிறது. முழு அழுத்தம் கொடுத்தால் பிட் துள்ளும், தலையிலுள்ள பிளஸ் குழி மழுங்கும். அப்புறம் அந்த ஸ்க்ரூ ட்ரில்லுக்குத்தான். நான் கன் உறுமத் தொடங்கும் அளவுக்கு மட்டும் வால்வைத் திறந்து, உடம்பின் பலத்தை முழுக்கக் கொடுத்து அதை அழுத்திக்கொண்டு செய்தேன். வயிற்றுப் பக்கம் என்பதால் அழுத்துவதும் லேசில்லை: மல்லாந்து படுத்து, முதுகுக்குக் கீழே மரக்கட்டை கொடுத்து, கீழிருந்து மேலே தள்ள வேண்டும். கண்ணில் பொடி. காதில் கன். முதலில் இறுக்குகிற திசையில் ஒரு மயிரிழை, பிறகு கழற்றுகிற திசையில். 'டக்' என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், அந்தச் சத்தத்துக்காகவே இன்னொரு பேனல் கழற்றலாம்.

பிட் முனையில் என்ஜின் வால்வு தேய்க்கும் பசையைக் கொஞ்சம் தடவிக்கொள்ளுங்கள். அதிலுள்ள மணல் குழியைக் கவ்விப் பிடிக்கிறது. பிட்டும் சீக்கிரம் தேயும். முனை பளபளக்க ஆரம்பித்தாலே தூக்கிப் போட்டுவிட வேண்டும். பிட்டில் மிச்சம் பிடித்தால் ஸ்க்ரூவில் செலவு.

மழுங்கியவற்றுக்கு இடதுபக்கம் சுழலும் ட்ரில் பிட். ஸ்க்ரூத் தண்டின் குறுக்களவு 4.8 மில்லிமீட்டர், தலையை மட்டும் அந்த அளவுக்குக் குடைந்தால் தலை தனியே கழன்றுவிடும். பேனலை எடுத்தபின் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டைப் பூட்டுக் குறடால் பிடித்துத் திருகலாம். ஒன்று மட்டும் ட்ரில் பிட்டோடு சேர்ந்து தானாகவே திரும்பி வந்துவிட்டது.

பேனலைத் தூக்கியதும் உள்ளே இருந்தது தண்ணீர். மேலே வைக்கோல், இறகு, பறவைகள் பல வருஷம் குடித்தனம் நடத்திய அடையாளம். கீழே சேறு கலந்த கறுப்புத் தண்ணீர், ஓரத்தில் உப்புப் பூத்த வெள்ளைக் கோடு. வடிகால் துளைகள் இல்லாமல் இல்லை. முன்னொரு காலத்தில் யாரோ பெயின்ட் அடித்தபோது, வெளிப்பக்கம் வழுவழுப்பாகத் தெரிய வேண்டும் என்று சீலன்ட் என்ற இடுக்கு அடைக்கும் பசையை வைத்து அடைத்துவிட்டார்கள். திறந்திருந்த ஒன்றிரண்டும் பிரயோஜனம் இல்லை. டயரில் பாரம் இறங்கக்கூடாது என்று ஸ்டாண்டில் ஏற்றியதில் மூக்கு கொஞ்சம் தூக்கிவிட்டது, தாழ்ந்த இடமே பின்னால் நகர்ந்துவிட்டது. தளத்தில் நிற்கும் விமானத்துக்குள் மழை போகாமல் தடுக்கவே முடியாது என்பது என் கட்சி. போன தண்ணீர் வெளியே வர வழி விட்டாலே பாதி வேலை முடிந்தது. இதைச் சொன்னால் புது பெயின்ட் பற்றித்தான் பேச்சு திரும்புகிறது.

நல்ல தண்ணீரில் கிடந்த விமானங்கள் எவ்வளவோ தேவலை. இரண்டாம் உலகப் போரின்போது மிச்சிகன் ஏரியில் வுல்வரின், சேபிள் என்ற இரண்டு துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல்களை விமானத்தளமாக மாற்றிப் பயிற்சி கொடுத்தார்கள். அதில் விழுந்து மூழ்கிய விமானங்கள் பல. 1942-ல் பசிபிக்கில் நடந்த மிட்வே போரில் பறந்த டான்ட்லெஸ் குண்டுவீச்சு விமானம் ஒன்று 1943-ல் அந்த ஏரியில் விழுந்து, 1994-ல் மேலே வந்து, இப்போது பென்சகோலா கடற்படை விமான அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஐம்பது வருஷம் குளிர்ந்த நன்னீருக்குள்! நம்ம ஸ்கைஹாக் தண்ணீருக்கு மேலேதான் இருந்தது, இந்தக் கதி.

சேற்றை வாரி, உப்பில்லாத தண்ணீரால் மெல்லக் கழுவி உலரவைத்தாயிற்று. பிரஷர் வாஷர் பக்கமே போகவில்லை. அது உப்பைத் தகட்டு இணைப்புகளுக்குள் திணித்துவிடும். கப்பல் என்பதால் கழுவிய தண்ணீரைக்கூட அப்படியே விட முடியாது, கீழே கடல். தட்டு வைத்துப் பிடித்து, வடிகட்டி, தனி டிரம்மில் போட வேண்டும். பழைய மஞ்சள்-பச்சை பிரைமரில் (பெயின்டுக்கு அடியில் போடும் பூச்சில்) குரோமேட் என்ற நச்சு இருக்கிறது. அதை உலரத் தேய்த்துப் புழுதி கிளப்புவது கப்பலுக்கும் ஆகாது, நம் நுரையீரலுக்கும் ஆகாது. முகமூடி போட்டு ஈரமாகத்தான் தேய்த்தேன்.

ஓரச் சட்டத்தில் ஓர் இடம் ஏடு ஏடாகப் பிரிந்திருக்கிறது. பிளாஸ்டிக் ஆப்பால் தொட்டாலே மேல் ஏடு உதிர்கிறது. அதை வெட்டி ஒட்டுப் போட வேண்டும். விமானம் கடற்படையிடமிருந்து இரவல் வாங்கியது, நம் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. படம் எடுத்து, அளவு குறித்து அனுப்பியிருக்கிறேன்.

இதற்கிடையில் ஸ்க்ரூ விற்பவரோடு ஒரு பஞ்சாயத்து. கேட்டது காட்மியம் பூசியது, வந்தது ஸ்டெயின்லெஸ். "இது துருவே பிடிக்காது சார்" என்கிறார். பிடிக்காது, வாஸ்தவம்தான். அது தப்பித்துக்கொண்டு பக்கத்து அலுமினியத்தைக் காவு கொடுக்கும். திருப்பி அனுப்பிவிட்டேன். சரியானது வரும்வரை பேனலை நாடா போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். மாட்டும்போது ஒவ்வொரு ஸ்க்ரூவையும் ஈரமான சீலன்டில் தோய்த்துத்தான் மாட்டுவேன், அடுத்து கழற்றப்போகிறவர் என்னைத் திட்டக்கூடாது.

சும்மா இருக்க முடியாமல் கனோபி பக்கம், அதாவது விமானியின் தலைக்கு மேலுள்ள கண்ணாடி போன்ற மூடிப் பக்கம், போய்விட்டேன். யாரோ வீட்டுக் கண்ணாடி துடைக்கும் திரவம் போட்டிருக்க வேண்டும்; அம்மோனியா பட்ட அக்ரிலிக்கில் வெயில் பக்கம் பார்த்தால் நுண்ணிய விரிசல் வலை தெரிகிறது. ஆழமானது போகாது. மேலோட்டமானதை நுண்மணல் துணி வரிசையாகப் போட்டு எடுக்கலாம். ஒரு செட் சொல்லியிருக்கிறேன். அதற்கு முன், ஸ்டாண்டை இறக்கி மூக்கைச் சமப்படுத்த ஜாக் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். அது நடந்தால் எந்த வடிகால் துளை எங்கே வேண்டும் என்பதே மாறிவிடும்.